ஏறாத சார்ஜ்

சில வாரங்களாகவே ஜான்சியின் காரில் அந்த சார்ஜர் கேபிள் தகராறு செய்துகொண்டிருந்தது. செருகியவுடன் போனில் மின்னல் அடையாளம் வரும். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போய்விடும். கேபிளை இடப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்து, போனோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் திரும்ப வரும். கால் டாக்சி ஓட்டுகிறவளுக்குப் போன்தான் பிழைப்பு. சவாரி வருவதும் அதில்தான், வழி காட்டுவதும் அதுதான். புதுக் கேபிள் வாங்கிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். கடை கண்ணில் படும்போது காரில் ஆள் இருக்கும். ஆள் இறங்கியதும் அடுத்த சவாரி வந்துவிடும். அப்படியே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

அன்று காலை அபிராமபுரத்தில் ஒரு பெரியவரை ஏற்றினாள். பெயர் கஸ்தூரிரங்கன். எழுபது வயதைத் தாண்டியவர். வலது கை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. முட்டியை மடக்க முடியாது என்று முன் இருக்கையிலேயே உட்கார்ந்தார். தி. நகரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறார்.

"இந்த டாக்டர்கிட்ட நாள் கிடைக்கறதே பெரும்பாடு. ரெண்டு மாசமா காத்துண்டிருந்தேன். லேட்டா வந்தா பார்க்க மாட்டாராம், அதான் சீக்கிரமே கிளம்பிட்டேன்" என்றார்.

"டைமுக்கு வுட்டுர்றேன் சார், கவலப்படாதீங்க."

எல்டாம்ஸ் ரோடு அண்ணா சாலையில் போய் முட்டும் தேனாம்பேட்டை சிக்னலில் கார் நின்றது. மேம்பால வேலைக்காக நடுச்சாலையைத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். இருக்கிற கொஞ்ச இடத்தில் பஸ்ஸும் பைக்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அப்போது போன் அடித்தது. திரையில் 'தம்பி' என்று வந்தது.

ஜான்சியின் ஒரே தம்பி ஆண்டனி. கொட்டிவாக்கத்தில் மீன் பிடிக்கிறவன். விடிவதற்கு முன்பே தன் கூட்டாளி தேசப்பனோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருந்தான். இந்நேரம் கரைக்கு வந்து மீனை விற்றுக்கொண்டிருப்பான், ஏதோ வீட்டு விஷயம் சொல்லக் கூப்பிடுகிறான் என்று நினைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா" என்றான் ஆண்டனி. பின்னால் காற்று இரைந்தது. "இன்ஜின் நின்னுபோச்சுக்கா. போட்டுல தண்ணி ஏறிக்கினு கீது."

ஜான்சிக்கு முதலில் புரியவில்லை. "எங்கடா கீற நீ?"

"தெர்ல. கரையே கண்ணுக்குத் தெர்ல. அடியில எதுவோ இடிச்சு ஃபைபர் வுட்டுக்கிச்சு. தேசப்பன் மொண்டு மொண்டு ஊத்திக்கினு கீறான். என் போன்லயும் சார்ஜ் இல்ல. ஜிபிஎஸ்ல வர்ற நம்பர சொல்றேன், எழுதிக்கோ. டில்லி மாமாகிட்ட சொல்லி போட்டு அனுப்பு. சொல்ட்டு இத அணைச்சுடுவேன், அப்பால நானே திரும்பப் போடுறேன். நீ எடுக்கணும். எழுதுறியா? பதிமூணு—"

அதோடு சத்தம் நின்றது. தம்பி வைத்துவிட்டான் என்று நினைத்து ஜான்சி போனைப் பார்த்தாள். திரையில் ஒரு வட்டம் சுழன்று கறுப்பாகிப் போனது. அந்தக் கறுப்பில் அவள் முகம்தான் தெரிந்தது. ரப்பர் பேண்டு எப்போதோ நழுவி கியருக்குப் பக்கத்தில் கிடந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது மின்னல் அடையாளம் இருந்ததைப் பார்த்தவள், அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். எப்படி எதிர்ப்பக்கம் போனாள் என்று அவளுக்கே தெரியாது. தியாகராய ரோட்டில் சிறிது தூரம் போய், மூடியிருந்த ஒரு துணிக்கடை வாசலில் காரை ஒதுக்கினாள். போனின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஒன்றும் வரவில்லை. கேபிளை உருவி மறுபடி செருகினாள். இடப்பக்கம் வளைத்தாள், வலப்பக்கம் வளைத்தாள். திரை இருண்டே கிடந்தது.

"உன் தம்பியாம்மா?" என்று கேட்டார் கஸ்தூரிரங்கன்.

அவள் தலையசைத்தாள்.

"என் போன்ல பேசு. இந்தா."

போனை வாங்கியவளுக்கு அப்போதுதான் தம்பியின் நம்பர் தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அவனுடைய பழைய போன் போன மாதம் கடலில் விழுந்துவிட்டது. இப்போது வைத்திருப்பது பட்டன் போன், நம்பரும் புதுசு. 'தம்பி' என்று பெயரைத் தட்டித்தான் அவளுக்குப் பழக்கம். கணவன் டில்லிபாபுவின் நம்பர் மட்டும் ஞாபகம் இருந்தது. அதை அடித்தாள்.

டில்லிபாபுவும் கடலுக்குப் போகிறவன்தான். அன்று சீக்கிரமே திரும்பிவந்து கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான். அவள் திக்கித்திணறிச் சொன்னதை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நம்பர் முழுசா சொன்னானா?"

"பதிமூணுன்னான். அதுக்குள்ள என் போன் செத்துப்போச்சு."

"பதிமூணா? அவன் எப்பவும் கோவளம் பக்கம்தான வலை போடுவான். ஜிபிஎஸ்ல அது பன்னெண்டுலதான் ஆரம்பிக்கும்." டில்லிபாபு யாரிடமோ ஏதோ கத்திவிட்டு மறுபடி பேசினான். "தண்ணி வடக்க இழுக்குது போல. பதிமூணுன்னா இங்கேர்ந்து எண்ணூர் வரைக்கும் அதுதான் ஜான்சி. மிச்ச நம்பர் இல்லாம எங்கன்னு தேடறது?"

"நீ அவனுக்குப் போட்டுப் பாரு. உன்கிட்ட நம்பர் கீதில்ல?"

"இரு."

அவன் வேறு ஒருவன் போனை வாங்கிப் போட்டுப் பார்த்தான். அணைத்து வைத்திருப்பதாகப் பெண் குரல் சொன்னது இவளுக்கும் கேட்டது.

"அந்த டப்பா போன்ல அவன் ஒரு நம்பரும் ஏத்தி வெக்கல. அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது உன் நம்பர் ஒண்ணுதான். அதுக்குத்தான் போடுவான். நான் போட்டுக்கினே இருக்கேன், ஆனா அவன் எப்ப ஆன் பண்ணுவான், எத்தினி நிமிசம் வெச்சிருப்பான்னு இன்னா தெரியும்? உன் போன எப்படியாவது உயிரோட வை. நாங்க மூணு போட்டு எறக்கறோம். கோஸ்ட் கார்டுக்கும் சொல்றோம். எல்லாரும் எடத்தத்தான் கேப்பாங்க."

ஆண்டனி ஒன்றாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அவனை வளர்த்தது ஜான்சிதான். முதன்முதலாக அவள் கைக்கு ஒரு போன் வந்தபோது, எங்கேயாவது தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று அந்த நம்பரைப் பாட்டு மாதிரி சொல்லச்சொல்லி அவனுக்கு உருப்போட வைத்தாள். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ போன் மாற்றிவிட்டாள், நம்பரை மாற்றியதில்லை.

பெரியவர் ஒரு யோசனை சொன்னார். "உன் சிம்மை எடுத்து என் போன்ல போட்டுண்டா உன் நம்பருக்கு வர்ற கால் இதுல வருமோல்லியோ?"

ஜான்சி அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் துளையே இல்லை. அவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "என் பிள்ளை அமெரிக்காலேந்து கொண்டு வந்தது. இதுல சிம் போடற இடமே கிடையாதுன்னு சொன்னான். மறந்தே போயிட்டேன்."

அவள் காதுத் தோட்டைக் கழற்றி, அதன் காம்பால் தன் போனின் ஓரத்தில் இருந்த ஊசித்துளையைக் குத்திப் பார்த்தாள். யார் போனிலாவது போடலாமே. ஆனால் போன மழையில் நனைந்து டிஸ்ப்ளே மாற்றியபோது பசை வழிந்து அந்தத் தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. குத்தக் குத்தக் காம்புதான் வளைந்தது. தோட்டை எங்கே வைத்தாள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சார்ஜ் ஏற்றியே தீரவேண்டும். வேறு வழி இல்லை.

கோளாறு எதில்? காரில் சிகரெட் பற்றவைப்பதற்காக இருக்கும் துளையில்தான் சார்ஜர் செருகியிருந்தது. அந்தத் துளை சரியில்லையா, அதில் செருகிய சார்ஜரா, கேபிளா? அவள் சார்ஜரைப் பிடுங்கி, ஊதி, அழுத்திச் செருகினாள். அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்தால் போதுமா, மின்சாரம் வெளியே வருகிறதா என்று எப்படித் தெரியும்?

"சார், உங்க போனுக்குக் கேபிள் வெச்சிருக்கீங்களா?"

பெரியவர் மடியில் இருந்த துணிப்பையைத் திறந்தார். மருந்துச் சீட்டுகள், தண்ணீர் பாட்டில், ஒரு கைக்குட்டை, அதற்கடியில் சுருட்டி வைத்த வெள்ளைக் கேபிள். அதன் முனை ஜான்சியின் போனுக்குப் பொருந்தாது. ஆனாலும் வாங்கி சார்ஜரில் செருகி அவர் போனோடு இணைத்தாள். அது 'டிங்' என்று சத்தம் கொடுத்துச் சார்ஜ் ஏறத் தொடங்கியது.

அப்படியென்றால் காரில் குற்றமில்லை. சார்ஜரில் குற்றமில்லை. கேபிள்தான். மூன்று வாரமாக வாங்காமல் தள்ளிப்போட்ட அந்தக் கேபிள்தான். அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். கடைகள் திறக்கிற நேரம் இல்லை. பாண்டி பஜார் நடைபாதை முழுக்க இறக்கிவிட்ட ஷட்டர்கள். ஒரு மொபைல் கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்த பெண், "பத்தரைக்கு மேலதான் தொறப்பாங்க" என்றாள். சாவி யாரிடம் என்று கேட்டதற்கு முதலாளி வடபழனி என்றாள். ஜான்சி அடுத்த கடைக்கு ஓடினாள், அதற்கடுத்த கடைக்கும் ஓடினாள். ஒரு திருப்பத்தில் நடைபாதை ஓரமாக ஒருவன் நீல தார்பாலினை விரித்து, மூட்டையை அவிழ்த்து, போன் கவர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். மூட்டைக்குள் கேபிள்கள் கொத்தாகத் தொங்கின.

"தம்பி, கேபிள் ஒண்ணு குடு. சீக்கிரம். உயிர் போற விசயம்."

அவன் பெயர் சஃப்வான். இன்னும் முதல் வியாபாரம்கூட ஆகவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவன் மறுபேச்சுப் பேசாமல் கேபிள்களை ஒரு கொத்தாக எடுத்துக்கொண்டு, மூட்டையைப் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே வந்தான். ஓடிக்கொண்டே அவள் சொன்னதில் அவனுக்குப் பாதிதான் புரிந்தது. கடல், தம்பி, போன்.

காருக்குள் குனிந்து புதுக் கேபிளைச் செருகினாள். காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னொண்ணு போடுங்கக்கா. சிலது அப்படித்தான்" என்றான் சஃப்வான்.

இன்னொன்று போட்டாள். அதிலும் வரவில்லை. மூன்றாவதும் அப்படியே. அவன் அதே கேபிளை வாங்கித் தன் போனில் செருகினான். உடனே ஏறியது. மறுபடி அவள் போனில் செருகினான். இருட்டு.

"அக்கா, கேபிள் நல்லாத்தான் கீது. போன்தான் போச்சு போல. உள்ள போர்டு போயிருக்கும்."

ஜான்சி அப்படியே ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தாள். அவள் கண்ணுக்குள் தண்ணீர் தெரிந்தது. படகின் அடியில் தண்ணீர், கணுக்கால்வரை, முட்டிவரை. வாளியில் மொண்டு ஊற்ற ஊற்ற ஏறுகிற தண்ணீர். இந்நேரம் அவன் போனை ஆன் செய்து அந்த நம்பரைப் போட்டிருப்பான். அணைத்து வைத்திருக்கிறாள் என்று அந்தப் பெண் குரல் அவனுக்குச் சொல்லியிருக்கும். அவள் வாய்விட்டு அழவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. கஸ்தூரிரங்கன் அவள் தோளைத் தொடக் கையைக் கொண்டுவந்தார். கை ஆடியதால் பின்வாங்கிக்கொண்டார்.

"சேச்சே. அழாதே. இன்னொரு தரம் பார்க்கலாம்" என்றார்.

இன்னொரு தரம் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் தலையை நிமிர்த்தினாள். சஃப்வான் கையில் அவனுடைய போன் இன்னும் கேபிளோடு இருந்தது. அவள் மடியில் அவளுடைய போன், அதுவும் கேபிளோடு. இரண்டையும் வெறித்துக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ இடறியது. அவன் போனில் கேபிளின் கறுப்புத் தலை போனை ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் போனில் தலைக்கும் போனுக்கும் நடுவே வெள்ளிநிறத் தகடு ஒரு கீற்று வெளியே தெரிந்தது. அழுத்திப் பார்த்தாள். அதற்கு மேல் போகவில்லை. உள்ளே மெத்தென்று எதுவோ தடுத்தது.

"உள்ள ஏதோ கீது" என்றாள். "முழுசா போவல பாரு."

சஃப்வான் தன் போனின் டார்ச்சை அடித்துப் பிடித்தான். சார்ஜ் துளைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. தினமும் காக்கிச் சட்டைப் பையில் போட்டுப் போட்டு எடுக்கிற போன். பைக்குள் இருந்த பஞ்சும் கடற்கரை வீட்டு மணலும் சேர்ந்து, ஒவ்வொரு தடவை கேபிளைச் செருகும்போதும் உள்ளே போய் இறுகியிருந்தன. பழைய கேபிளும் கெட்டிருந்தது. துளையும் அடைத்திருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று மறித்துக்கொண்டது.

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். ஊக்கு ஆழமாக இறங்கினால் உள்ளேயிருக்கும் மெல்லிய தகடு முறிந்துவிடும் என்று பயம். ஓரமாக, சுவரை ஒட்டிச் சுரண்டினாள். ஒரு இழை வந்தது. மறுபடி சுரண்டினாள். பாக்குத்தூள் மாதிரி மணல் உதிர்ந்தது. பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சஃப்வான் டார்ச்சை அசைக்கவில்லை. கடைசியில் ஒரு கட்டிப் பஞ்சு, அரிசி அளவில், ஊக்கின் முனையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

கேபிளைச் செருகினாள். இந்த முறை உள்ளே போய் 'டக்' என்று உட்கார்ந்தது.

திரையில் உடனே ஒன்றும் வரவில்லை. பிறகு மங்கலாக ஒரு பேட்டரிப் படம், அடியில் ஒரு சிவப்புக் கோடு.

அது கண் விழிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை ஜான்சி வாழ்நாளில் மறக்கமாட்டாள். பொத்தானை அழுத்தினால் சிவப்புக் கோடு மட்டும் வந்து போனது. இன்னும் ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும். எஞ்சினை அணைத்தால் அந்தத் துளைக்கு மின்சாரம் நின்றுவிடும். அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. காரை நகர்த்தவும் பயமாக இருந்தது. ஒரு குலுக்கலில் சார்ஜர் துளையிலிருந்து எகிறிவிட்டால்?

அந்த நேரம் பார்த்துப் பின்னால் விசில் கேட்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் காரைத் தூக்கிப்போகும் வண்டி ஊர்ந்து வந்தது. "இங்க நிக்கக்கூடாது, எடும்மா" என்று கையை ஆட்டினார்.

ஜான்சி பதில் சொல்வதற்குள் கஸ்தூரிரங்கன் கதவைத் திறந்துவிட்டார். கைத்தடியை ஊன்றி, காரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போய், காருக்கும் அந்த வண்டிக்கும் நடுவே நின்றுகொண்டார். அவர் சொன்னது முழுக்க உள்ளே கேட்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்.

"கடல்ல ரெண்டு பேர் முழுகிண்டிருக்கா. அவாளோட போன் இந்தக் காருக்குத்தான் வரணும். நீங்க தூக்கறதுன்னா என்னையும் சேர்த்துத் தூக்குங்கோ."

போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து பார்த்தார். ஊக்கு, பஞ்சு, கேபிள்கள், சிவப்புக் கோடு. நிமிர்ந்து, பின்னால் வந்த வண்டியைப் போகச் சொல்லிவிட்டு, தன் பைக்கைக் காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினார். வருகிற வண்டிகளை விலகிப் போகச் சொல்லிக் கையைக் காட்டத் தொடங்கினார்.

போன் திறந்தது. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. அதோடு ஒரு குறுஞ்செய்தி. நீங்கள் தொடர்பில் இல்லாதபோது வந்த அழைப்புகள், இரண்டு. தம்பியின் நம்பர்.

இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். அவள் அந்த நம்பரைத் தொட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். அதே குரல். அவன் போனில் இருந்த கொஞ்சநஞ்சமும் அந்த இரண்டு அழைப்பில் தீர்ந்துபோயிருந்தால்? அவள் மூன்றாவது தடவை தொடப்போனபோது சஃப்வான் தடுத்தான்.

"நீங்க போட்டுக்கினு கீற நேரத்துல அவரு போட்டா பிஸின்னு வரும்க்கா. வுடுங்க."

கையை எடுத்தாள். போனை மடியில் வைத்து, கேபிளின் தலையை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டாள். மாதாவே என்றுகூட அவளுக்குச் சொல்ல வரவில்லை. பெரியவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவருடைய போனில் டில்லிபாபு கூப்பிட்டான். படகு சத்தத்தில் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. அலையைத் தாண்டிவிட்டார்கள், சிக்னல் இருக்கும்வரை லைனிலேயே இருக்கிறேன் என்றான். வடக்கே எவ்வளவு தூரம் என்று கேட்டான்.

"இரு" என்றாள் ஜான்சி. "இரு, இரு."

அவள் மடி அதிர்ந்தது.

"தம்பி" என்றாள், காதில்கூட வைக்காமல்.

"அக்கா." ஆண்டனியின் பற்கள் அடித்துக்கொண்டன. "தண்ணி இடுப்புக்கு வந்துச்சுக்கா. போட்டு மூக்கு எறங்கிக்கிச்சு. நம்பர் சொல்றேன்."

ஜான்சி பெரியவர் போனைத் தன் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் போனைப் பிடித்து, கைகளை முட்டிகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். அப்போதும் அது ஆடியது. சஃப்வான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஆண்டனியின் குரல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குள் போயிற்று.

"பதிமூணு. பூஜ்யம் ரெண்டு. நானூத்திப் பத்து. அப்பறம் எம்பது. இருவத்தஞ்சு. ஆறுநூறு."

"பதிமூணு, பூஜ்யம் ரெண்டு, நானூத்திப் பத்து" என்று ஜான்சி திருப்பிச் சொன்னாள். "எம்பது, இருவத்தஞ்சு, ஆறுநூறு. மாமா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றான் டில்லிபாபு. அங்கே மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "வடக்க, வடக்க திருப்பு. பட்டினப்பாக்கத்துக்கு நேரா கீறான்டா." பிறகு, "ஆண்டனி, மீன் கேனை காலி பண்ணி மூடி போட்டு எறுக்கிக் கட்டு. ரெண்டு பேரும் ஒரே கேனைப் புடிச்சுக்கோங்க. தனித்தனியாப் போவாத. வந்துக்கினு கீறோம்."

"சரி மாமா" என்றான் ஆண்டனி. அதற்கு மேல் அவனும் பேசவில்லை, அவன் போனும் பேசவில்லை.

சிறிது நேரத்தில் டில்லிபாபுவின் லைனும் அறுந்தது. நடுக்கடலில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

கார் அப்படியே நின்றது. கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறத் தொடங்கியிருந்தன. சஃப்வான் போகாமல் கதவருகே குந்தியிருந்தான். போலீஸ்காரர் எட்டிப்பார்த்து, "இன்னாச்சு?" என்றார். எடத்தைச் சொல்லிட்டான் என்றாள் ஜான்சி. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு டாக்டர் ஞாபகம் வந்தது. பெரியவரைப் பார்த்தாள்.

"சார், உங்கள எறக்கி வுட்டுட்டுப் போறேன். இங்கேர்ந்து கிட்டத்தான்."

"அந்த நேரம் போயாச்சு" என்றார் அவர். "உன் ஆத்துக்காரருக்கு இப்போ என் நம்பர்தானே கையில இருக்கு. அவர் எனக்குத்தான் பண்ணுவார். நேரா உங்க ஊருக்கு ஓட்டு. நான் எங்கேயும் இறங்கப் போறதில்லே."

சஃப்வான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு விலகி நின்றான். அவள் ஓட்டினாள். எத்தனையோ தடவை ஓட்டிய சாலை. நந்தனம், கோட்டூர்புரம், அடையாறு, எல்லாம் ஏதோ புது ஊர் மாதிரி கடந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் காரை நிறுத்துகிற மாதிரி மெதுவாக்கி ஏற்றி இறக்கினாள். கேபிள் அசையக்கூடாது. பெரியவர் இரண்டு போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவான்மியூர் சிக்னலில் நின்றபோது, "சத்தம் போட்டுச் சொல்லிடுங்க சார், எதுவா இருந்தாலும்" என்றாள். "என்னால திரும்பிப் பாக்க முடியாது."

கொட்டிவாக்கம் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் போன் அடித்தது. அவர் அதை எடுக்கச் சிரமப்பட்டார், விரல் பொத்தானில் நிற்கவில்லை. மூன்றாவது தடவைதான் எடுபட்டது.

"கெடச்சுட்டானுங்க" என்றான் டில்லிபாபு. பின்னால் எஞ்சின் இரைந்தது. "போட்டு போயிடுச்சு. இன்ஜின், வலை, எல்லாம் போயிடுச்சு. கேனைப் புடிச்சுக்கினு மெதந்தானுங்க. தேசப்பன் வாந்தி எடுத்துக்கினே கீறான், உயிருக்கு ஒண்ணுமில்ல. கரைக்கு வந்துக்கினு கீறோம்."

ஜான்சி காரைச் சாலையோரமாக நிறுத்தினாள். ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை. விரல்கள் அப்படியே மடங்கி இறுகியிருந்தன. பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். இந்த முறை கை ஆடினாலும் பரவாயில்லை என்று அவள் தோளில் வைத்தார். அவள் அப்போதுதான் அழுதாள்.

கரையில் கூட்டம் இருந்தது. பெண்கள் மண்ணில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு அலையில் ஏறி மணலில் மோதியபோது இளைஞர்கள் ஓடிப்போய் இழுத்தார்கள். தேசப்பனை நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். அவன் மனைவி பாஞ்சாலி அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். ஆண்டனி தானாக நடந்து வந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது, உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. வந்தவன் அக்கா முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"மொத தபா நான் நம்பர் சொல்லிக்கினு இருக்கும்போதே கட்டாச்சு" என்றான். "ரெண்டு தபா போட்டேன், சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. தேசப்பன் அழுதுட்டான். நான் சொன்னேன், எங்க அக்கா எடுக்கும்டா, அது எங்கயாவது ஓடிக்கினு இருக்கும்னு."

ஜான்சி துப்பட்டாவால் அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அழுத்தித் துவட்டினாள், வலிக்கிற மாதிரி. அவன் குனிந்து காட்டிக்கொண்டிருந்தான்.

"போட்டு போச்சுக்கா" என்றான் தாழ்ந்த குரலில். "இனிமே இன்னா பண்றது?"

"போனா போவட்டும்" என்றாள். துவட்டுவதை நிறுத்தவில்லை.

சாலையில் காரின் கதவு திறந்திருந்தது. கஸ்தூரிரங்கன் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கிளாஸ் ஆடிச் சிந்தாமலிருக்க மீன்காரப் பெண்ணொருத்தி அடியில் கையைக் கொடுத்துப் பிடித்திருந்தாள். அவர் அதை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார்.